வளர்க்கலாம், விட முடியுமா?

இலைவெட்டி எறும்பு இந்தியாவில் இல்லை. வாளையாறில் இல்லை, கொழிஞ்சாம்பாறையில் இல்லை, குமுளியில் இல்லை, போடிமெட்டிலும் இல்லை. பாலக்காட்டு வீட்டு முற்றத்து ரோஜாச் செடியில் இலையின் ஓரம் வட்டமாக நறுக்கப்பட்டிருந்தால் அது எறும்பின் வேலை அல்ல. தன் கூட்டுக்குள் விரிப்பதற்காக இலை நறுக்கிக்கொண்டு போகும் ஒரு வகைத் தேனீயின் வேலை. பச்சை இலைத் துண்டுகளைக் குடை போலத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சாரி சாரியாகப் போகும் அந்த எறும்பு அமெரிக்கக் கண்டங்களின் பிரஜை. வடக்கே டெக்சாஸிலிருந்து தெற்கே அர்ஜெண்டினா வரை அதன் ராஜ்யம். சுமார் 50 இனங்கள். அட்டா, அக்ரோமிர்மெக்ஸ் என்ற இரண்டு பெரிய குடும்பப் பெயர்கள்.

இருந்தும் அதைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. டி.வி.யும் கைபேசியும் அதை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டன. ஐரோப்பாவில் மீன் தொட்டி வைப்பதுபோல எறும்புப் பெட்டி வைக்கிறார்கள். ராணியோடு சேர்த்து விலைக்கும் கிடைக்கிறது. பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. இதை நம் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் என்ன?

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி எல்லையிலும் இந்தக் கேள்விக்குத் தனி அர்த்தம் உண்டு. இரண்டு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுபவை அல்ல. ஆனால் இரண்டும் தமிழ்நாட்டைத் தொடுகின்றன. இரண்டிலும் தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடையில் புழங்குகின்றன. ஒன்று கணவாய்க் காற்று வீசும் சமவெளி: நெல், தென்னை, முதலமடையின் மாந்தோப்புகள். மற்றது மழையும் மூடுபனியும் படிந்த மலை: ஏலம், மிளகு, தேயிலை. இரண்டுமே இலையை நம்பி வாழும் பிரதேசங்கள். இலை வெட்டும் ஒரு பிராணியை விருந்தாளியாக அழைப்பதற்கு முன் இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில், அந்த எறும்பின் மேல் ஏன் இத்தனை மோகம்? காரணம், அது வெட்டிக் கொண்டுபோகும் இலையைத் தின்பதற்காகக் கொண்டுபோகவில்லை. வெகுகாலம் இது யாருக்கும் புரியவில்லை. நிகரகுவாவில் சுரங்கப் பொறியாளராக இருந்த தாமஸ் பெல்ட் என்ற ஆங்கிலேயர் புற்றுகளைத் தோண்டிப் பார்த்தார். எறும்புகள் இலையை உரமாக்கிப் பூஞ்சை பயிரிடுகின்றன, அதைத்தான் சாப்பிடுகின்றன என்று 1874-ல் வெளியான தன் நூலில் சொன்னார். 1893-ல் ஆல்ஃபிரட் மோல்லர் என்ற ஜெர்மானியர் பிரேசிலில் ஆராய்ந்து அதை உறுதி செய்தார். மனிதன் விவசாயம் தொடங்கி 10,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்றால், எறும்புகள் பூஞ்சை வளர்க்கத் தொடங்கி சுமார் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று 2024-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. டைனோசார்களை அழித்த விண்கல் விழுந்த காலம் அது.

அந்த விவசாயம் நடக்கும் ஒழுங்கு அசாத்தியமானது. பெரிய எறும்புகள் இலையை வெட்டிக் கொண்டுவரும். அதைவிடச் சிறியவை அதைப் பொடியாக நறுக்கும். இன்னும் சிறியவை மென்று பிசைந்து, தங்கள் கழிவில் ஒரு துளியைக் கலந்து, தோட்டத்தில் பதிக்கும். பழைய தோட்டத்திலிருந்து ஒரு கொத்துப் பூஞ்சையை எடுத்து அதன்மேல் நடும். எல்லாவற்றிலும் சிறியவை களையெடுக்கும். களை என்பது வேறொரு பூஞ்சை. விட்டால் தோட்டத்தையே அழித்துவிடும். அதை அடக்கச் சில இலைவெட்டி எறும்புகள் தங்கள் உடம்பிலேயே ஒரு வகை பாக்டீரியாவைச் சுமக்கின்றன, அது சுரக்கும் மருந்து களையைக் கட்டுப்படுத்துகிறது என்று 1999-ல் கண்டுபிடித்தார்கள். நாம் ஆண்டிபயாடிக் என்று பெயர் வைப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அங்கே அது புழக்கத்தில் இருந்திருக்கிறது.

கொண்டுவந்த இலை பூஞ்சைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பூஞ்சை நோய்ப்படும். எறும்புகள் அதைத் தெரிந்துகொண்டு அந்தச் செடியின் இலையை நிறுத்திவிடும். வாரக்கணக்கில் திரும்பத் தொடாது. குழந்தைக்கு எது சேராது என்று ஞாபகம் வைத்திருக்கும் தாயைப்போல. ராணி கதையோ இன்னும் அழகு. கல்யாணப் பறத்தலுக்குக் கிளம்பும் இளம் ராணி, தாய்ப் புற்றின் பூஞ்சையில் ஒரு துணுக்கை வாய்க்குள் இருக்கும் சிறு பையில் எடுத்துக்கொண்டு போகிறாள். புது வீட்டுக்குப் போகும் பெண் அம்மா வீட்டிலிருந்து உறைமோர் வாங்கிப் போவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அந்த உறை கெட்டால் குடும்பமே கிடையாது.

இங்கேதான் வீட்டில் வளர்ப்பதன் சூட்சுமம் இருக்கிறது. இலைவெட்டி எறும்பை வளர்ப்பவர் உண்மையில் எறும்பை வளர்ப்பதில்லை. ஒரு பூஞ்சையைக் காப்பாற்றுகிறார். அதற்கு 24, 25 டிகிரி வெப்பம் வேண்டும். காற்றில் ஈரம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் சுவரில் நீர் வழியக் கூடாது. தோட்டத்துக்கு ஒரு பெட்டி, இலை வைக்க ஒரு பெட்டி, குப்பைக்கு ஒரு பெட்டி, இவற்றை இணைக்கக் குழாய்கள். குப்பை அறையில் சேரும் செத்த பூஞ்சையையும் சக்கையையும் அவ்வப்போது அகற்ற வேண்டும். நோய் அங்கிருந்துதான் கிளம்பும். தினமும் புது இலை வேண்டும். மருந்து தெளித்த இலை ஒரே ஒரு தடவை உள்ளே போனால் போதும், தோட்டம் சரிந்துவிடும். பூச்சிமருந்து தாராளமாகப் புழங்கும் ஏலக்காய் மலையில் தெளிக்காத இலையைத் தேடுவது சுலபமான காரியம் அல்ல.

தப்பிக்காமல் காப்பது இன்னொரு கவலை. பெட்டியின் விளிம்பில் வழுக்கும் பூச்சு பூசுவார்கள், டால்கம் பவுடர் தடவுவார்கள், அல்லது பெட்டியைத் தண்ணீர் நிரப்பிய தட்டின் நடுவே வைப்பார்கள். வேடிக்கைதான். தண்ணீர்த் தட்டு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. சர்க்கரை டப்பாவையும் பலகாரத் தூக்கையும் பாட்டிமார்கள் அப்படித்தான் வைத்தார்கள், எறும்பு வராமல் இருக்க. அதே தட்டு இங்கே எறும்பு போகாமல் இருக்க.

போதாக்குறைக்கு, குடும்பம் பெருகும். அட்டா இனத்தின் முதிர்ந்த புற்றில் பல லட்சம், சமயத்தில் பத்து லட்சக்கணக்கான எறும்புகள் இருக்கும். காட்டில் ஒரு புற்றுக்காக அவை வெளியே கொண்டுவந்து கொட்டும் மண் 40 டன் வரை போனதாகக் கணக்கு உண்டு. ராணி பத்துப் பதினைந்து வருஷம் இருப்பாள். செருப்பு டப்பா அளவில் தொடங்குவது பீரோ அளவுக்கு வளரும். அப்போது வளர்ப்பவருக்குக் கல்யாணம் ஆகலாம், வேலை மாறலாம், வளைகுடா நாட்டுக்கு விசா வரலாம். எறும்பை என்ன செய்வது?

கேள்வி அங்கேதான் கனமாகிறது. தெருநாயை யாராவது எடுத்துக்கொள்வார்கள். மீனைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுக்கலாம். கண்டம் தாண்டி வந்த ஓர் எறும்புக் குடியைக் கொல்லலாம், அல்லது தோட்டத்தில் கொட்டலாம். கொல்ல மனம் வராதவர் கொட்டுவார். கருணையினால்தான் கொட்டுவார். அங்கேதான் ஆபத்து.

பயம் மிகையா? பெட்டியிலிருந்து தப்பிய பத்து வேலைக்கார எறும்புகளால் எதுவும் ஆகாது. ராணி இல்லாமல், பூஞ்சை இல்லாமல் அவை சில நாட்களில் செத்துப்போகும். ராணியும் தோட்டமுமாக ஒரு குடி முழுதாக வெளியே போவதுதான் ஆபத்து. கரீபியக் கடலில் பிரெஞ்சு ஆட்சியில் உள்ள குவாடலூப் தீவில் ஓர் இலைவெட்டி எறும்பு 1954-ல் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. அந்தத் தீவுக்கு அது அந்நியம். அப்போதிருந்து இன்றுவரை அதை அங்கிருந்து அகற்ற முடியவில்லை. தோட்டப் பயிர்களோடு காட்டுச் செடிகளும் அதற்கு இரையாகின்றன. சொந்த மண்ணான பிரேசிலிலேயே அது விவசாயிகளின் முதல் எதிரிகளில் ஒன்று. ஆரஞ்சு, கொக்கோ, யூகலிப்டஸ் எதையும் விடுவதில்லை. மழையும் மிதமான வெப்பமும் உள்ள இடுக்கி மலைகள் அதற்கு அந்நியமாகத் தோன்ற எந்தக் காரணமும் இல்லை.

இதற்குக் குவாடலூப் வரை போகவேண்டியதுகூட இல்லை. 1847-ல் வில்லியம் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். நத்தைகளை ஆராய்வதில் அவருக்கு ஈடுபாடு. கொண்டுவந்தவை ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இந்தியா முழுக்க இன்று ஊர்ந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. கேரளத்தில் அது நுழைந்த வாசல் பாலக்காடு. 1970-களில் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவரப்பட்டதே அங்கிருந்து பரவியது என்பதுதான் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லும் வரலாறு. வாழை, பப்பாளி, காய்கறி என்று எதையும் அது மிச்சம் வைப்பதில்லை. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு புழுவையும் சுமந்து திரிகிறது. இரண்டு தடவையும் கொண்டுவந்தவர்கள் அழிக்க வேண்டுமென்று கொண்டுவரவில்லை. அறிந்துகொள்ளும் ஆசைதான்.

அதனால்தான் சட்டம் ஆசையைப் பார்ப்பதில்லை. 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, உயிருள்ள பூச்சியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் இறக்குமதி, வியாபாரம், வைத்திருத்தல் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. அந்நியப் பூச்சியே கூடாது என்பதல்ல. 2008-ல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளியையும் மல்பெரியையும் சூறையாடியபோது, அதை அழிக்கும் குளவிகளை 2010-ல் அரசே போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தது. அவை பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் அடைத்துவைத்துச் சோதிக்கப்பட்ட பிறகே வயலுக்குப் போயின. தபாலில் வரும் பெட்டிக்கு அந்தச் சோதனை கிடையாது.

எறும்புக்கு இப்போது கள்ளச்சந்தையும் வந்துவிட்டது. 2025-ல் கென்யாவில் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்கள். பஞ்சடைத்த சோதனைக்குழாய்களில் ராணி எறும்புகள். வேறு வழக்கில் சிக்கிய இருவரையும் சேர்த்து நால்வருக்கும் தலா 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஓராண்டுச் சிறை. யானைத் தந்தத்துக்குப் பேர்போன கடத்தல் உலகம் எறும்பு வரை இறங்கிவிட்டது.

இத்தனைக்கும், விவசாயம் செய்யும் பூச்சியைப் பார்க்கவேண்டும் என்பதுதான் ஆசை என்றால், பாலக்காட்டுக்காரரும் இடுக்கிக்காரரும் வாசற்படி தாண்டினால் போதும். தோட்ட மூலையில் எழும்பி நிற்கும் கரையான் புற்று ஒரு விவசாயப் பண்ணை. நாம் திட்டித் தீர்க்கும் அதே கரையான்தான். காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, அந்தக் கழிவால் மடிப்பு மடிப்பாக ஒரு மேடை கட்டி, அதன்மேல் பூஞ்சை வளர்க்கிறது. சுமார் 3 கோடி ஆண்டுகளாக. எறும்புக்கும் கரையானுக்கும் உறவே கிடையாது. கரையான் கரப்பான்பூச்சியின் வம்சம். இரண்டு கண்டங்களில் இரண்டு பூச்சிகள், ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே தொழிலைக் கண்டுபிடித்திருக்கின்றன.

இடவப்பாதி மழை இறங்கி, இடி முழங்கிய மறுநாள் புற்றைச் சுற்றி முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைக்காத கிராமம் இந்த எல்லையில் ஏது? தமிழில் புற்றுக்காளான், அரிசிபோலச் சிறுசிறாகக் கொத்தாக முளைப்பதை மலையாளத்தில் அரிக்கூண் என்கிறார்கள். அது கரையான் வளர்த்த பயிர். மனிதனால் அதை இன்றுவரை லாபகரமாகப் பயிரிட முடியவில்லை. கரையானிடம்தான் வாங்கிச் சாப்பிட வேண்டியிருக்கிறது. புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றுகிறவர்கள் உள்ளே இருக்கும் பாம்பை நினைத்துத்தான் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் உழவரை நினைத்துச் செய்தாலும் தகும். ஆனால் கரையானை வீட்டுக்குள் வளர்க்கச் சொல்லி யாரும் யோசனை கூற மாட்டார்கள். உத்தரமும் கதவும் மரத்தில் உள்ள வீட்டில் அது விஷப்பரீட்சை. அதை அதன் இடத்திலேயே பார்ப்பதுதான் முறை.

கண்ணாடிக்குள் ஒரு குடும்பம் வேண்டும் என்பவர்களுக்குக் கட்டெறும்பு இருக்கிறது. சமையலறையில் தினமும் விரட்டப்படும் அதே கறுப்பன். முதல் மழைகளுக்குப் பிறகு, சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் தனியாக அலையும் பெரிய எறும்பு கண்ணில் பட்டால் அது ராணியாக இருக்கலாம். மற்ற எறும்புகளைவிட மார்பு தடித்து, சிறகு இருந்த தழும்பு தெரியும். ஒரு சோதனைக்குழாயில் கால்பங்கு தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வைத்துவிட வேண்டும். தீனி போடவேண்டாம். பறக்கப் பயன்பட்ட தசைகள் இனி அவளுக்குத் தேவையில்லை; அவற்றையே கரைத்து முதல் குழந்தைகளுக்கு ஊட்டுவாள். மாதக்கணக்கில் பட்டினி. முதல் வேலைக்கார எறும்புகள் வந்த பிறகு ஒரு துளி தேன், ஒரு செத்த ஈ போதும். எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் பெரிய தீங்கு. கலவரப்பட்ட ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடுவாள். பொறுமையில்லாதவர்களுக்கு இது தோதுப்படாது. ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும்: பரம்பிக்குளம், சைலண்ட் வேலி, பெரியாறு, இரவிகுளம், சின்னாறு போன்ற காப்புக் காடுகளுக்குள்ளிருந்து அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது, எறும்பு உட்பட.

கட்டெறும்பில் என்ன அதிசயம் என்று உதடு பிதுக்குபவர்கள் இன்னொரு கதையையும் கேட்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் குதிக்கும் எறும்பு ஒன்று உண்டு. பெரிய கண், நீண்ட தாடை. இரையைக் கண்டால் தாவும். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன் 1851-ல் அதற்குப் பெயர் சூட்டினார். இன்று அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் அது ஒரு நட்சத்திரம். 2010-ல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துவிட்டார்கள். ராணி செத்தால் வேலைக்கார எறும்புகளே தங்களுக்குள் போட்டியிட்டு முட்டையிடும் பதவிக்கு உயர்கின்றன. அப்போது அவற்றின் மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. பதவி பறிபோனால் மூளை மறுபடி வளர்கிறது என்று 2021-ல் தெரியவந்தது. அரசியல்வாதிகள் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் வீட்டுப் பையன் பிரேசில் எறும்புக்கு ஏங்கும்போது, அரிசோனாவில் ஒருவர் நம் மலையின் எறும்புக்குச் சொட்டுத் தண்ணீர் வைத்துக் காத்திருக்கிறார்.

வளர்ப்புப் பிராணியைத் தேர்ந்தெடுக்க அழகு, அபூர்வம், விலை என்று பல அளவுகோல்கள் இருக்கின்றன. எறும்பு வேறொரு அளவுகோலைக் கற்றுத் தருகிறது: அலுத்துப்போகும் நாளில் இதை எங்கே விடுவது? பிரேசிலிலிருந்து வந்த ராணிக்கு இந்த மண்ணில் பதில் கிடையாது. அவளைக் கடைசிவரை காவல் காக்க வேண்டும், அல்லது கொல்ல வேண்டும். கட்டெறும்பு ராணியை, எடுத்த அதே கொய்யா மரத்தடியில் ஒரு மாலை நேரத்தில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிடலாம். காலையில் பார்த்தால் குழாய் காலியாக இருக்கும். ஊருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.